ஜெயக்கொடி டீச்சருக்குப் பக்கத்தில்

ஜெயக்கொடி டீச்சர் நாகலூத்துக்கு மாற்றலாகி வந்த அன்று, வாடகைக்குப் பிடித்த வீட்டில் பால் காய்ச்சினாள். மிச்சப் பாலை ஏன் வீணாக்க வேண்டுமென்று வீட்டுக்காரி சுருளியம்மாள் ஒரு சொட்டு மோரைக் கொண்டுவந்து அதில் விட்டாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பால் கட்டித் தயிராக உறைந்துவிட்டது. சுருளியம்மாள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, புளிப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றாள். மறுநாள் மாவு அரைத்ததும் குண்டானைத் தூக்கிக்கொண்டு நேரே டீச்சர் வீட்டு அடுப்படிக்கு வந்து, கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனாள்; அவள் தன் வாசலை எட்டுவதற்குள் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்தது.

மேற்குமலைக்கு அடியில், வாழைத் தோட்டங்களுக்கும் திராட்சைப் பந்தல்களுக்கும் நடுவில், வருஷத்தில் பாதி நாள் காற்றோடு கத்திப் பேசியே பழகிய ஊர் அது. அங்கே யாரும் எதற்கும் வாயைப் பிளப்பதில்லை. இதற்கு முன் வேலை பார்த்த ஊர்களில் தனக்கு இப்படி எதுவும் இருந்ததில்லையே, இங்கே வந்ததும் ஏன் என்று டீச்சர் கொஞ்ச காலம் யோசித்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஊர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று மட்டும் பார்த்தது.

சுருளியம்மாளுக்கு வாழைக்காய் மண்டி இருந்தது. புருஷன் போன பிறகு அவளே நடத்திவந்தாள். புகை மூட்டம் போட்டு, இருட்டறையில் அடைத்து, கண்ணெரிய உட்கார்ந்து பழுக்கவைத்துக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மண்டிக்குள் நுழைந்து அந்த வழியாக வந்துவிடுங்களேன் என்று டீச்சரைக் கேட்டுக்கொண்டாள். டீச்சர் தார்களுக்கு நடுவில் மெல்ல நடந்து போவாள், அவள் கடந்த வரிசை அவள் முதுகுக்குப் பின்னால் மஞ்சளாகிக்கொண்டே வரும், வாசனை தெருவரைக்கும் போகும். தோட்டக்காரர்கள் குப்பைக்குழி மட்கவில்லை என்று அவளைக் கூட்டிப்போய்க் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். டீச்சர் தொட்ட பூட்டு துருப்பிடித்தது. அவள் சைக்கிள் மாதமொரு முறை வெல்டிங் பட்டறைக்குப் போனது, பட்டறைக்காரர் அதையும் ஒரு வழக்கமாக்கிக்கொண்டார்.

மழைநாளில் ஈரச் சேலைகளைக் கொண்டுவந்து டீச்சர் வீட்டுக் கொடியில் போட்ட பெண்கள்தான் ஏமாந்துபோனார்கள். துணி காயவில்லை. அவள் பக்கத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கவில்லை, ஐஸ் சீக்கிரம் உருகவில்லை, உப்பும் சர்க்கரையும் எப்போதும்போலத்தான் கரைந்தன. பொருள் அதே பொருளாக இருந்து உருவம் மட்டும் மாறினால் அது இயற்பியல் மாற்றம், பொருளே வேறு பொருளாக ஆகிப்போனால்தான் வேதியியல் மாற்றம், எனக்கு இரண்டாவது மட்டும்தான் ஆகிவருகிறது என்று டீச்சர் அவர்களுக்குச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு முழுக்கப் படித்தும் குழம்புகிற அந்த வித்தியாசம் நாகலூத்தில் டீக்கடைக்காரரிலிருந்து களையெடுக்கிற பெண்கள்வரை எல்லாருக்கும் அத்துப்படியாகிவிட்டது. சட்னியை டீச்சர் பக்கம் வைக்காதே, அது வேதியியல், ஊசிப்போகும். பாகுக்கு வெல்லம் கரையவில்லை என்றால் நீயேதான் கிண்டணும், அது இயற்பியல் என்று அடுப்படிகளில் பேசிக்கொண்டார்கள்.

நாளாக ஆக, அவளுக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதற்கும் ஊர் ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குள் வந்தால்தான் ஆகும். மனிதர்கள் வந்து போனால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால்தான். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே போகும், நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அதில் உட்கார மாட்டார்கள். ஒரு முறை வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்தார். மலைப்பாதை ஏறி இறங்குவதற்குள் அவருக்கு இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. அது அவர் நெஞ்சுக்குள் முன்பே இருந்ததுதான், வெளியே வர இன்னும் காலம் பிடித்திருக்கும், அவ்வளவுதான் என்று கண்டக்டர் மற்றவர்களிடம் சொன்னார். டீச்சர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்தாள்.

அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வந்த நாள் முதல் அவள் நகம் வெட்டவில்லை, வெட்ட வேண்டியிருக்கவில்லை. தலைமுடி வளரவில்லை, உதிரவில்லை. சோதனைக்குழாய் உடைந்து விரலில் ஏற்பட்ட ஒரு கீறல் ஆறவுமில்லை, சீழ் பிடிக்கவுமில்லை. இன்றைக்குத்தான் கிழித்ததுபோல அப்படியே இருந்தது.

அவள் புருஷன் தவமணி அருப்புக்கோட்டையில் மின்வாரிய வேலையில் இருந்தான். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலையில் போவான். ஒவ்வொரு முறை போகும்போதும் கிருதாவில் வெள்ளை கொஞ்சம் ஏறிப் போனான். முதலில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அவன் படிக்கக் கண்ணாடி வாங்கினான். பிறகு முழங்கால் வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்தான். அவளோடு படித்தவன், அவளைவிட ஒரு வயதுதான் மூத்தவன், அவளுடைய சித்தப்பாவைப்போல ஆகிக்கொண்டு வந்தான். இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். அதற்குப் பிறகும் அவன் வந்தான்; பஸ் ஸ்டாண்டில் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்து, நடுவில் பஸ்கள் வந்து போக, இரண்டு பேரும் சத்தமாகக் குடும்ப விஷயம் பேசுவதை ஊரே பார்த்தது. யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை.

கிழவர் மொக்கச்சாமி படுத்த படுக்கையாகிக் கோடை போய் மழையும் வந்துவிட்டது. பால் ஊற்றினார்கள், உயிர் போகவில்லை. மண்ணாசை போலிருக்கிறது என்று அவருடைய தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், போகவில்லை. முதுகு முழுக்கப் புண்ணாகி, ஈ மொய்க்க, கண் மட்டும் முழித்துக்கொண்டு கிடந்தார். அவருடைய மகன் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்று, கேட்க வந்ததைக் கேட்காமல் அழுதான். முடியாது என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் அவன் போன பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலையில் தானாகவே போனாள். கிழவர் அவளைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார், வா என்பதுபோல. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டார்கள், கையில் காப்பி கொடுத்தார்கள். காப்பி முடிவதற்குள் அவர் முடிந்தார்.

அன்றிலிருந்து இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. சங்கு ஊதுகிறவருக்குச் சொல்வதற்கு முன்னால் டீச்சருக்குச் சொன்னார்கள். அவள் எதுவும் பேசாமல் உட்காருவாள், படுத்திருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். ஊர் அவளைக் கும்பிட்டது. அதே ஊர் தெருவில் அவள் வரும்போது குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டது. இரண்டையும் ஒரே மனிதர்களே செய்தார்கள், யாருக்கும் அதில் முரண்பாடு தெரியவில்லை.

சுருளியம்மாளின் ஒரே மகள் பவளம் டீச்சரிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்தாள். அந்த வருஷப் பாடத்தில் வினையூக்கி வந்தது. தான் மாறாமல் வினையின் வேகத்தை மட்டும் மாற்றும் பொருள் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினாள். வகுப்பே அவளைப் பார்த்தது, பிறகு குனிந்துகொண்டது. பவளம் மட்டும் எழுந்து, நடக்கவே நடக்காத ஒன்றை அதால் நடக்கவைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது, நடக்கக்கூடியதைச் சீக்கிரம் நடக்கவைக்கும், எந்தப் பக்கம் போவது என்பது அதன் கையில் இல்லை என்றாள் டீச்சர். பவளம் அதை எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கார்த்திகை மழையில் பவளத்துக்குக் காய்ச்சல் வந்தது.

வந்த காய்ச்சல் போகவில்லை. காலையில் இறங்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏறும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னென்னவோ எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பும் நோயும் மல்லுக்கு நிற்கின்றன, இனி அந்த உடம்பு பார்த்து ஜெயிக்க வேண்டியதுதான் என்று அனுப்பிவைத்தார்கள். ஊர் திரும்பியதும் சுருளியம்மாள் செய்த முதல் காரியம், டீச்சரை வீட்டைக் காலி செய்யச் சொன்னதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவில் ஆணி அடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு டீச்சர் அன்றைக்கே சாமான்களைக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் பம்ப்செட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை அறைக்குப் போனாள்.

பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தாள். டீச்சரைக் கூப்பிட்டால் என்ன என்று பாதி ஊர் சொன்னது. எத்தனை பேரை முடித்துவைத்த கை, அதைப் போய்ப் பச்சைப் பிள்ளை பக்கத்தில் கொண்டுவருவதா என்று பாதி ஊர் சொன்னது. மண்டியில் காய்கள் பழுக்காமல் கிடந்தன.

கடைசியில் ஒரு மத்தியானம் சுருளியம்மாள் பள்ளிக்கூட ஆய்வகத்துக்கே வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நிற்பதுபோல அமிலப் புட்டிகளுக்கு முன்னால் நின்றாள்.

"வாங்க டீச்சர், எம்பிள்ளைகிட்ட வந்து உக்காருங்க," என்றாள்.

டீச்சர் தேய்த்துக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கம் போகும்னு எனக்குத் தெரியாதுக்கா. எது ஆகணுமோ அது சீக்கிரம் ஆகும். என்னால அது மட்டுந்தான்."

"தெரியும்."

"இன்னொன்னும் இருக்கு. எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்கள்ல. பொழைச்சாலும், அந்த நோவு எத்தன வருசம் அவ உடம்புல இருக்கணும்னு இருக்கோ, அத்தன வருசத்தையும் அவ உடம்பு இன்னைக்கே நடந்து கடக்கணும். அது எத்தனன்னு எனக்குத் தெரியாது."

சுருளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உசுரோட இருந்தாப் போதும்," என்றாள்.

டீச்சர் போனாள். கூடத்தில் கயிற்றுக்கட்டிலில் பவளம் கிடந்தாள், தலைமாட்டில் வேப்பிலை சொருகியிருந்தது. மற்ற வீடுகளில் உட்கார்ந்ததுபோல முக்காலியில் உட்கார்ந்து பாடத்தைச் சொல்லிக்கொள்ளத்தான் டீச்சர் நினைத்தாள். முடியவில்லை. கட்டில் சட்டத்திலேயே உட்கார்ந்து, பிள்ளையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்தாள்.

வேப்பிலை பழுப்பேறி உதிர்ந்தது. காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது; மூச்சு விடுகிற வேகத்தில் அது ஏறி இறங்கியது. பவளத்தின் நகங்கள் நீண்டு வளைந்தன. தலைமுடி தலையணையிலிருந்து இறங்கிக் கட்டிலிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டது. பசிக்குது என்று அவள் முனகினாள். சுருளியம்மாள் கஞ்சி கொண்டுவந்து வாயில் விட்டாள், விட்டது போதவில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வராது, வளர்கிற உடம்புக்கு அத்தனை எடையும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள் டீச்சர். வீட்டிலிருந்த அரிசி தீர்ந்தது. அப்போது கூப்பிடாமலே தெருப் பெண்கள் வந்தார்கள். உள்ளே வரப் பயந்து ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டு, கேப்பைக் கூழும் சோளக் கஞ்சியும் வடித்த கஞ்சியுமாகச் சட்டி சட்டியாக நீட்டினார்கள். சுருளியம்மாள் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தபடியே வாங்கி வாங்கி ஊட்டினாள். பிள்ளை கண்ணைத் திறக்காமலே விழுங்கினாள். பாவாடை நாடா அறுந்தது. சட்டைத் தையல் விட்டது. சுருளியம்மாள் தன்னுடைய சேலையை எடுத்து மகள்மேல் போர்த்தினாள். முகம் நீண்டது, கன்னம் ஒட்டியது, பிறகு நிறைந்தது, நெற்றியில் ஒரு கோடு விழுந்தது, காதோரத்தில் ஒரு நரை ஓடியது. ஜன்னலுக்கு வெளியே சட்டிகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலப் பால்காரர் மணி அடித்துக்கொண்டு வந்த நேரத்தில் பவளத்துக்கு வேர்த்தது. சேலை நனைகிற அளவுக்கு வேர்த்தது. அவள் கண்ணைத் திறந்து, தண்ணி வேணும் என்றாள். குரல் ஒரு பொம்பளையின் குரலாக இருந்தது.

சுருளியம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தபோது, கட்டிலில் கிடந்தவளுக்கும் அவளுக்கும் அக்கா தங்கச்சி என்று சொல்லலாம்போல இருந்தது. யார் அக்கா என்று சொல்ல முடியவில்லை.

பிழைத்ததற்கு ஊர் கிடாய் வெட்டியது. பவளத்தை அந்த வயதோடேயே ஊர் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவளைச் சேலையோடு கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கூடப் படித்தவர்கள் ஒரு வாரத்துக்குள் அவளை அக்கா என்று கூப்பிடப் பழகினார்கள். புதிதாக வந்த வாத்தியார் அவளை யாரோ பிள்ளையின் அம்மா என்று நினைத்து உட்காருங்கள் என்றார். மாலையில் தெருவில் பாண்டி விளையாடினாள், கட்டம் தாண்டும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதில் பெண்டாட்டியை இழந்த ஒருவர் பெண் கேட்டு ஆள் அனுப்பினார், சுருளியம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். இருட்டுக்குப் பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள், விடிந்தால் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் முகத்தையும் பின்னால் தெரிகிற அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் மொட்டையாகப் பேச ஆரம்பித்தாள். இங்க வா என்பாள், சோறு போடு என்பாள், முன்னால் ஒரு அம்மா வராது. மண்டிக்கு வருகிற வியாபாரிகள், ரெண்டு பேரில் யார் மூத்தவங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், தெரியாது.

டீச்சர் கண்மாய்க்கரை அறையை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போவாள், வருவாள். யார் வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் போகவில்லை. தை பிறந்து ஒரு விடுமுறை நாளில் சுருளியம்மாள் முறம் நிறைய மொச்சைக்காயோடு அங்கே வந்தாள். டீச்சர் தள்ளிப் போட்ட பாயை இழுத்து, அவளுக்கு ஒட்டி, முழங்கால் இடிக்கிற மாதிரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

டீச்சர் எழுந்துவிட்டாள். சுருளியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளுக்கு என்னைய அம்மான்னு கூப்பிட வாய் வரல டீச்சர். அவ மேல தப்பு இல்ல. மூஞ்சியப் பாத்தா வர மாட்டேங்குது."

"அதுக்காக..."

"நான் அவளுக்கு மூத்தவளா இருக்கணும். முன்ன எவ்வளவு மூத்தவளோ அவ்வளவு. உக்காருங்க."

டீச்சர் சொல்லிப்பார்த்தாள். இதைத் திருப்பி நடத்த முடியாது, வயிற்றில் மறைந்திருக்கிற நோய் இருந்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும் என்றாள். சுருளியம்மாள் அதற்குள் காயை உரிக்கத் தொடங்கியிருந்தாள். டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள், பிறகு உட்கார்ந்தாள். முறத்தை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

வெயில் வாசலிலிருந்து நகர்ந்தது. அவர்கள் மண்டியைப் பற்றிப் பேசினார்கள், காற்றில் சாய்ந்த வாழைகளைப் பற்றிப் பேசினார்கள், தவமணிக்கு மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேசினார்கள். டீச்சர் காயைப் பார்த்தே உரித்தாள். பக்கத்துக் கைகள் மெதுவாகிக்கொண்டு வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். நரம்பு புடைத்தது, வளையல் முழங்கைவரை தளர்ந்து ஏறி இறங்கியது, தோலில் புள்ளிகள் படர்ந்தன. ஒரு தடவை முறத்தில் மொச்சையோடு ஒரு பல் விழுந்தது. சுருளியம்மாள் அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

பாதி முறத்துக்கு மேல் உரித்தபின், போதும் டீச்சர் என்றாள். டீச்சர் சட்டென்று எழுந்து அறையின் அடுத்த கோடிக்குப் போய்ச் சுவரோடு நின்றாள். சுருளியம்மாளின் தலை முழுக்க வெளுத்திருந்தது. அவள் கையூன்றி எழ முயன்றாள், உடனே எழ முடியவில்லை. அதற்கு அவளே வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

அம்மாவைத் தேடிக்கொண்டு பவளம் கரையேறி வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். சுவரோடு நின்ற டீச்சரைப் பார்த்தாள், பாயில் கிடந்த மொச்சைத் தோலைப் பார்த்தாள், முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவியைப் பார்த்தாள். கிழவி காத்துக்கொண்டிருந்தாள். பவளத்தின் முகம் கோணியது. அழுகிற பிள்ளைகளுக்குக் கோணுகிற மாதிரி, அந்த நடுவயது முகம் முழுக்கக் கோணியது.

"அம்மா," என்றாள். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்தாள். "படி இருக்கும்மா. பாத்து எறங்கு."

சுருளியம்மாள் இறங்கினாள். இறங்கியதும், விடுமுறை நாளாயிருந்தும் ஏன் இன்னும் தலை பின்னவில்லை, முழுப்பரீட்சைக்கு என்ன படித்தாய், இந்த நேரத்தில் தனியாகக் கண்மாய்ப்பக்கம் வராதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்தாள். டீச்சர் கதவருகே வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். மகளின் தோளில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, கரை முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனாள் சுருளியம்மாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.